முள்தானே என்று இருந்துவிடலாமா?

போன இதழில் தீப்புண்ணைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். அவருடைய கணவருக்கு லாரியில் விறகு ஏற்றும் வேலை. கெண்டைக்காலில் ஒரு குச்சி குத்தி, குத்தின இடம் இரண்டே நாளில் மூடிவிட்டதாம். "மேலே பார்த்தால் ஒன்றுமே இல்லை அக்கா. பதினைந்து நாள் கழித்து உள்ளே கொட்டைப்பாக்கு அளவுக்குக் கட்டி மாதிரி தட்டுப்படுகிறது. தொட்டால் வலிக்கிறது என்கிறார். மஞ்சள் பற்றுப் போடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

பற்றெல்லாம் வேண்டாம், நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன். ஆனால் அந்தக் கடிதம் என்னைச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் இதே தப்பை நானே என் வீட்டில் செய்திருக்கிறேன். பத்துப் பேருக்கு யோசனை சொல்கிறவள் சொந்தப் பிள்ளை விஷயத்தில் கோட்டை விட்ட கதையை எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

நடந்தது 2022-ஆம் வருஷம், ஆடி மாதம். சின்னவன் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அருப்புக்கோட்டையைத் தாண்டி எங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் கண்ணுக்கெட்டின தூரம் வேலிக்கருவைதான். சீமைக் கருவேல் என்றும் சொல்வார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம். விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் ஆகிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதன் முள் இருக்கிறதே, செருப்பையே துளைத்துக்கொண்டு வந்துவிடும். பையன்கள் கண்மாய்க்கரையில் கிரிக்கெட் ஆடியிருக்கிறார்கள். பந்து புதருக்குள் போயிருக்கிறது. இவன் எடுக்கப் போனவன், பின்னாலேயே காலை வைத்து வெளியே வந்திருக்கிறான். கெண்டைக்காலில் நேராகக் குத்தி நின்றுவிட்டது முள்.

நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். நான் பிடித்து இழுத்தேன், வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவி, மஞ்சள் தூளை வைத்து அமுக்கி, மேலே ஒரு பிளாஸ்திரியும் ஒட்டிவிட்டேன். பெரிய வைத்தியம் பண்ணிவிட்ட நினைப்பு எனக்கு.

திண்ணையில் இருந்தபடியே அத்தை கேட்டார்கள். "முள்ளு முழுசா வந்துச்சாத்தா? முனை இருந்துச்சா, பாத்தியா?"

"வந்துருச்சு அத்தை."

நான் பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை. முள் அதற்குள் குப்பைக்கூடைக்குப் போய்விட்டது.

"எதுக்கும் எருக்கம்பாலு ரெண்டு சொட்டு வையி. இருந்தாலும் வெளிய தள்ளிரும்."

"அதெல்லாம் இப்ப யாரு அத்தை வைக்கிறாங்க?" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன். அத்தை சொன்னதில் ஒன்று சரி, ஒன்று தப்பு. நான் இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன்!

மூன்றாம் நாள் பார்த்தால் குத்தின இடமே தெரியவில்லை. நானும் மறந்துவிட்டேன். பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். பையன் மாடிப்படி ஏறும்போது ஒரு காலைத் தாங்கித் தாங்கி வைக்கிறான். கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்கிறான். விளையாட விடமாட்டோம் என்று பயம். ராத்திரி தூங்கும்போது தொட்டுப் பார்த்தேன், கெண்டைக்கால் சுடுகிறது. பளபளவென்று வீங்கியிருக்கிறது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறது.

இவர் மறுநாள் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி நாலு மாத்திரை வாங்கி வந்தார். இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. மாத்திரை தீர்ந்ததும் முன்னைவிட அதிகமாக வீங்கிக் காய்ச்சலும் வந்துவிட்டது. அப்புறம்தான் டவுனுக்கு ஓடினோம்.

அங்கே இருந்த டாக்டரம்மா புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, "தம்பிக்குத் தடுப்பூசியெல்லாம் ஒழுங்காப் போட்டிருக்கா? பத்து வயசு ஊசி?" என்பதுதான். நல்லவேளை, பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள். அட்டையைக்கூடப் பத்திரமாக வைத்திருந்தேன். பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் ஒன்றும் இல்லை. அப்பாடா என்று நான் எழுந்தேவிட்டேன். டாக்டரம்மா கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"எக்ஸ்ரேல இரும்பு தெரியும்மா. கண்ணாடிகூடப் பெரும்பாலும் தெரிஞ்சிரும். முள்ளும் மரச்சிராயும் தெரியாது. ஸ்கேன் பாத்துருவோம்."

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஜெல்லைத் தடவிப் பார்ப்பார்களே, அதே ஸ்கேன்தான். காலில் வைத்துத் தேடியதும் திரையில் ஒரு சின்னக் கோடு. முள்ளின் முனை! சதைக்குள் சாய்ந்தாற்போலக் கிடந்தது. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சீழை வெளியேற்றி, முனையை எடுத்துக் காஸ் துணியில் வைத்துக் காட்டினார்கள். அரை அங்குலம்கூட இல்லை. கறுத்துப்போய், பார்க்க எள்ளுப்பொட்டு ஒட்டினாற்போல இருந்தது. இதற்கா இத்தனை பாடு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வெளியே இருக்கிற துவாரத்தை வச்சுப் புண்ணை எடை போடக் கூடாதும்மா" என்றார் டாக்டரம்மா. அன்றைக்கும், கட்டுப் பிரிக்கப் போன நாள்களிலும் நான் அவரைக் கேள்வி கேட்டே துளைத்துவிட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார். அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அரிவாள்மனையில் கை வெட்டிக்கொண்டால் என்ன ஆகிறது? ரத்தம் கொட்டுகிறது, நாம் பதறுகிறோம். ஆனால் அந்த ரத்தமே அழுக்கில் பாதியைக் கழுவிக்கொண்டு வந்துவிடும். புண்ணின் அடி நம் கண்ணுக்குத் தெரியும், தண்ணீர் அதுவரை போகும். முள், ஆணி, கம்பி, சிராய் குத்தினால் எல்லாம் தலைகீழ். வாய் சிறுத்த குடம் மாதிரி. மேலே மிளகு அளவு வாய், உள்ளே ஒரு விரற்கடை ஆழம். ரத்தம் வராது. தண்ணீர் போகாது. முள் போகும்போது தோலில் இருக்கிற அழுக்கையும், போட்டிருக்கிற கால்சட்டையின் நூலையும் சேர்த்து உள்ளே தள்ளிவிட்டு வரும். மேல்தோல் சீக்கிரமே மூடிக்கொண்டுவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட கிருமிக்குக் கதவைச் சாத்தி விருந்து வைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

முள்ளும் மரச்சிராயும் இரும்பைவிட ஒரு விதத்தில் பொல்லாதவை. ஒரு சின்ன இரும்புத் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் சில சமயம் உடம்பு அதைச் சுற்றி உறைபோட்டுச் சும்மா விட்டுவிடும். முள் செடியிலிருந்து வந்தது. ஈரத்தில் ஊறும், நைந்துபோகும், சுற்றியிருக்கிற சதையைப் புண்ணாக்கிக்கொண்டே இருக்கும். அது வெளியே வருகிறவரைக்கும் எந்த மாத்திரையும் முழுசாகக் கேட்காது. என் பையனுக்கு நாலு மாத்திரையில் அடங்கினது மறுபடி கிளம்பியது அதனால்தான்.

சரி, முழங்காலுக்குக் கீழே மட்டும் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். கணைக்காலின் முன்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படுகிறது, நடுவில் சதை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. அங்கே ஆழமாகக் குத்தினால் கிருமி நேராக எலும்பின் மேல் போய் உட்கார வாய்ப்பு இருக்கிறது. எலும்பில் சீழ் பிடித்தால் அது வாரக்கணக்கு வைத்தியம். பின்பக்கத்தில் சதை நிறைய. ஆனால் அது இறுகிய உறைகளுக்குள் திணித்து வைத்த பஞ்சு மாதிரி இருக்கிறதாம். உள்ளே ரத்தமோ நீரோ கோத்துக்கொண்டால் உறை விரிந்து இடம் கொடுக்காது. கால் கல் மாதிரி இறுகி, விரலை மேலே மடக்கினாலே உயிர் போகிற மாதிரி வலித்து, பாதம் மரமரவென்று இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. அபூர்வமாகத்தான் வரும், வந்தால் அன்றைக்கே ஆபரேஷன்தான். இது போக, காலிலிருந்து ரத்தம் மேலே ஏறி வரவேண்டியிருக்கிறது. நாள் முழுக்க நின்று வேலை செய்கிற நமக்கெல்லாம் சாயங்காலம் கால் வீங்குகிறதே, அதே காரணத்தால் காலில் வருகிற புண் ஆறவும் நாளாகிறது. நரம்பு சுருட்டிக்கொண்டவர்களுக்கு இன்னும் மெதுவாக ஆறும்.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பையனைப் படுக்க வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அத்தை வழக்கமாக ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார்கள். அன்றைக்குப் படுக்கவில்லை. பேரன் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவன் தாடையைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். "வாயை நல்லாத் தொறய்யா" என்று தூங்குகிறவனை எழுப்பித் திறக்கச் சொன்னார்கள். எனக்குக் கோபம் வந்தது. "என்ன அத்தை, தூங்குற பிள்ளையை..." என்றேன்.

அப்போதுதான் சொன்னார்கள். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் ஒரு நாளும் என்னிடம் சொல்லாத விஷயம். அத்தைக்கு ஒரு தம்பி இருந்திருக்கிறார். எட்டு வயது. மாட்டுத்தொழுவத்தில் ஓடும்போது முளைக்குச்சி கணைக்காலில் குத்திவிட்டது. சாணியும் மண்ணும் சேர்த்துக் குழைத்துப் பூசினார்களாம், ரத்தம் நிற்கவேண்டுமென்று. புண் ஆறிவிட்டது. ஒரு வாரம் கழித்து, "அக்கா, வாயைத் தொறக்க முடியலக்கா" என்று வந்து நின்றிருக்கிறார்.

"கஞ்சி எறங்கலத்தா. சிரிக்கிற மாதிரியே மூஞ்சி இழுத்துக்கிட்டுப் போச்சு. வெளக்கைக் கொண்டாந்தா அந்த வெளிச்சத்துக்கே உடம்பு வில்லா வளையும். ஒரு சட்டி விழுந்து சத்தம் கேட்டாப் போதும். எல்லாரும் பேய்க் கோளாறுன்னாங்க. அஞ்சு நாளு."

அதற்கு மேல் அத்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. "முனை இருந்துச்சா, பாத்தியா" என்று திண்ணையிலிருந்து அவர்கள் கேட்டது எந்த இடத்திலிருந்து வந்த கேள்வி என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கிற்று.

அது பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ரண ஜன்னி. டெட்டனஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். இதன் கிருமி விதை மாதிரி உருவெடுத்து மண்ணிலும் சாணத்திலும் வருஷக்கணக்கில் கிடக்கும். வெயிலுக்கும் வெந்நீருக்கும் லேசில் மசியாது. ஆனால் ஒரு குணம், காற்றுப் படுகிற இடத்தில் அது முளைக்காது. ஜப்பான்காரரான கிடசாட்டோ என்பவர் 1889-இல் ஜெர்மனியில் இந்தக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தபோது காற்றில்லாமல் செய்துதான் வளர்த்தார். குறுகின வாய், ஆழமான குழி, மேலே மூடின தோல் என்று முள் குத்தின புண்ணில் அதற்கு வேண்டிய வசதியெல்லாம் தானாக அமைந்துவிடுகிறது. உள்ளே இருந்துகொண்டு ஒரு விஷத்தை உண்டாக்கும். அந்த விஷம் நரம்பைப் பிடித்துக்கொள்ளும். குத்தின மூன்றாம் நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் பெரும்பாலும் தெரிந்துவிடும். முதலில் தாடைதான் கிட்டிப்போகும். அந்த நேரத்தில் காலில் புண் இருந்த சுவடுகூட இல்லாமல் போயிருக்கலாம்.

துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் ஊசி போடவேண்டும் என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். துருவில் விஷம் எதுவும் கிடையாது. துருப்பிடித்த ஆணி மண்ணில் கிடந்திருக்கும், அதன் சொரசொரப்பில் மண் ஒட்டியிருக்கும், அவ்வளவே சங்கதி. பளபளவென்று புதிதாக இருக்கிற ஆணியும், பச்சை முள்ளும் அதே மண்ணைத் தொட்டிருந்தால் அதே ஆபத்துதான்.

நம் நாட்டில் பிரசவத்தின்போது தாய்க்கும் பச்சைக் குழந்தைக்கும் வருகிற ரண ஜன்னி ஒழிந்துவிட்டது என்று 2015-இல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது. கர்ப்பிணிகளுக்கு ஊசி போட்டதும், ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பதும், தொப்புள்கொடியைச் சுத்தமான பிளேடால் அறுப்பதும் சேர்ந்து செய்த நல்ல காரியம். ஆனால் கிருமி மண்ணை விட்டுப் போய்விடவில்லை. அம்மை மாதிரி ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்பதும் இதற்குக் கிடையாது. ஊசி ஒன்றுதான் காவல்.

இந்த ஊசிக் கணக்கைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் ஆகும்போது போடுகிற ஊசியிலேயே இதுவும் சேர்ந்திருக்கிறது. ஒன்றரை வயசு வாக்கில் ஒன்று, ஐந்து வயசு முடிந்து ஒன்று. அப்புறம் பத்து வயதிலும் பதினாறு வயதிலும். முன்பு டி.டி. என்று போட்டது டெட்டனஸுக்கு மட்டும். இப்போது அதோடு தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். அதற்கும் பெயர் டி.டி.தான், காதுக்கு ஒன்றாகவே கேட்கும், குழம்பவேண்டாம். ஒழுங்காக எல்லாம் போட்டுக்கொண்டவர்களுக்கு அழுக்கான ஆழப்புண் ஏற்பட்டால், கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தால் இன்னொன்று போடவேண்டும். சுத்தமான சின்னக் காயமானால் பத்து வருஷம் வரை தாங்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, கீறினதுக்கெல்லாம் ஊசி என்று ஓடவும் வேண்டாம்.

நாம் பெண்கள் பிள்ளை உண்டானபோதெல்லாம் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம். வீட்டு ஆண்களைக் கேட்டுப் பாருங்கள். "எனக்கு எப்பப் போட்டாங்க?" என்று விழிப்பார்கள். இவர் விழித்தார். பள்ளிக்கூடத்தில் எப்போதோ போட்டதாக ஞாபகமாம். வயலிலும் பட்டறையிலும் கட்டட வேலையிலும் காலைக் கிழித்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். வீட்டுப் பெரியவர்கள் பாடு இன்னும் மோசம். நம் நாட்டில் எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி போடுகிற திட்டம் ஆரம்பித்ததே 1978-இல்தான். அதற்கு முன் பிறந்தவர்களில் எத்தனையோ பேர் முழுசாகப் போட்டுக்கொண்டதே இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குப் புண் பட்டபிறகு ஒரே ஒரு ஊசி போட்டுவிட்டால் போதாது. உடம்பு அதற்கு எதிர்ப்பு உண்டாக்கவே நாளாகும். அதனால் அழுக்கான ஆழப்புண் என்றால் உடனடிக் காவலுக்கு வேறொரு மருந்தும் சேர்த்துப் போடுவார்கள். முதல் ஊசிக்குப் பிறகு ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறு மாதம் போல விட்டு ஒன்று என்று மூன்று போட்டால்தான் கணக்கு நேராகும். "முன்ன பின்ன ஊசி போட்டிருக்கீங்களா" என்று டாக்டர் கேட்டால், தலையை ஆட்டி வைக்காமல் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

இனி, குத்தினவுடன் என்ன செய்வது?

முதலில் குத்தினது என்ன, எவ்வளவு பெரியது என்று பாருங்கள். பெரிய கம்பியோ, கட்டையோ, கத்தியோ ஆழமாக இறங்கி நின்றால் வீட்டில் பிடுங்கவே கூடாது. அதுவே அடைப்பான் மாதிரி ரத்தத்தைத் தடுத்துக்கொண்டிருக்கும். அசையாமல் இரண்டு பக்கமும் துணியை அண்டக்கொடுத்துக் கட்டி, அப்படியே கூட்டிக்கொண்டு போகவேண்டும். சின்ன முள் என்றால், கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, அது போன சாய்விலேயே மெதுவாக இழுங்கள். நெட்டுக்குத்தாக இழுத்தால் முறிந்துவிடும். எடுத்த முள்ளைத் தூக்கிப் போடாதீர்கள்! வெளிச்சத்தில் வைத்து முனை கூர்மையாக இருக்கிறதா, மழுங்கி முறிந்த மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். முறிந்திருந்தால் ஊக்கை நெருப்பில் காட்டிக் குத்தித் தோண்டுகிற வேலை வேண்டாம். முனை மேலாகக் கண்ணுக்குத் தெரிந்தால் எடுக்கலாம். தெரியாததைத் தேடப் போனால் இன்னும் உள்ளே போகும்.

பிறகு குழாயைத் திறந்துவிட்டு ஓடுகிற தண்ணீரில் ஐந்து, பத்து நிமிஷம் காலைக் காட்டச் சொல்லுங்கள். சுற்றிலும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நான் ஊற்றின ஒரு செம்புத் தண்ணீர் கழுவினதில் சேர்த்தியில்லை. கொஞ்சம் ரத்தம் வந்தால் வரட்டும், நல்லதுதான். பிதுக்கி எடுக்கவேண்டாம். மஞ்சள் தூள், காப்பித்தூள், சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் எதுவும் வேண்டாம். மஞ்சளுக்கு நான் விரோதி இல்லை, ஆனால் அந்தத் தூள் துவாரத்தை அடைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை வெளியே வரவிடாமல் செய்கிறது. எருக்கம்பால் சதையை எரித்துப் புண்ணாக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கெடுதல். காய்ச்சின எண்ணெய் சொட்டு விடுகிற பழக்கமும் சில வீடுகளில் உண்டு. குத்தின புண்ணோடு தீப்புண்ணும் சேர்ந்துகொள்ளும், வேறு பலன் இல்லை. பிளாஸ்திரியை இறுக்கி ஒட்டாமல், காஸ் துணியை லேசாக வைத்துக் கட்டி, தினம் ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். இரண்டு நாள் காலைத் தலையணையில் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு சின்ன யோசனை. புண்ணைச் சுற்றிச் சிவந்திருந்தால், அந்தச் சிவப்பின் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு வட்டம் போட்டு வையுங்கள். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் பரவுகிறது என்று அர்த்தம். டாக்டரம்மா இப்படித்தான் என் பையன் காலில் போட்டார். அவன் அதற்குக் கண்ணும் மூக்கும் வரைந்து வைத்திருந்தான், அது வேறு கதை.

சிவப்பு பரவுவது, நாளுக்கு நாள் வலி கூடுவது, சீழ், காய்ச்சல், நெறி கட்டுவது, காலில் சிவப்புக் கோடு மேலே ஏறுவது, ஆறின இடம் மறுபடி வீங்குவது, கால் ஊன்ற முடியாமல் போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போய்விடவேண்டும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு அரை அட்டை மாத்திரை வாங்குவது வேண்டவே வேண்டாம். எல்லாத் துவாரத்துக்கும் கிருமிக்கொல்லி மாத்திரை தேவையில்லை. தேவைப்பட்டால் சொன்ன நாள்வரை முழுசாகச் சாப்பிடவேண்டும். மூட்டுக்குப் பக்கத்தில் குத்தியிருந்தால் அடையாளம் எதுவும் வரும்வரை காத்திருக்கவேண்டாம், முன்னாலேயே காட்டிவிடுங்கள்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் விஷயம் தனி. பல வருஷமாகச் சர்க்கரை இருந்தால் காலில் உணர்ச்சி மட்டுப்பட்டுப் போகிறது. எங்கள் மதினி ஒருத்தர், வேலிக்கம்பி கணைக்காலில் இறங்கியதே தெரியாமல் சாயங்காலம் வரை நடமாடியிருக்கிறார். சேலைக்கரையில் ரத்தக்கறையைப் பார்த்து வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்ததாம். வலி இல்லாததால் பயமும் இல்லை. அவர்களுக்குத் துளி அளவு புண் என்றாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டவேண்டும். ராத்திரி படுக்கும் முன் வெளிச்சத்தில் காலைப் பார்ப்பதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளட்டும். கெண்டைக்காலின் பின்பக்கம் தன் கண்ணுக்குத் தெரியாது, வீட்டில் ஒருத்தர் பார்த்துச் சொல்லவேண்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாய் கடித்தால் அதுவும் பெரும்பாலும் கெண்டைக்காலில்தான். பல் பதிந்த இரண்டு மூன்று துவாரம்தானே என்று இருந்துவிடக் கூடாது. சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் முழுசாகப் பதினைந்து நிமிஷம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவவேண்டும். கட்டுப் போடாமல், அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வெறிநாய்க்கடி ஊசி அங்கே இலவசமாகப் போடுகிறார்கள். பல் ஆழமாகப் பதிந்திருந்தால் ஊசியோடு புண்ணைச் சுற்றி வேறு மருந்தும் போடுவார்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியும் போட்டுக்கொள்ளவேண்டும். வெறிநாய்க்கடி நோய் வந்துவிட்டால் பிறகு பிழைப்பது ஏறக்குறைய இல்லை. வளர்த்த நாய், குட்டி நாய் என்ற சமாதானமெல்லாம் செல்லாது.

அந்த வருஷம் சின்னவன் கால் ஆற மூன்று வாரம் ஆயிற்று. கட்டுப் பிரிக்கப் போன அன்றைக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். எழுபது வயதுக்கு மேல் முதல் தடவையாக ரண ஜன்னி ஊசி. "எனக்கெதுக்குத்தா, போற காலத்துல" என்று முதலில் முரண்டு பிடித்தார்கள். டாக்டரம்மா காரணம் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் கையை நீட்டினார்கள். அடுத்த மாதம் இரண்டாவது, தை கழிந்து மூன்றாவது. மூன்றுக்கும் தேதி தவறவில்லை. காலண்டரில் அவர்களே பையனைவிட்டுக் குறித்து வைத்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில் அத்தை இடுப்புச் சுருக்குப்பையில் வைத்திருந்த முள்வாங்கி ஒன்று பரணில் கிடந்தது. எடுத்துத் தேய்த்துக் கொடுத்திருக்கிறார்கள். நுனி இரண்டும் மயிரிழை பிசகாமல் சேருகிறது, கடையில் வாங்கின இடுக்கி அதன் பக்கத்தில் நிற்க முடியாது. வெந்நீரில் கொதிக்கவைத்து, காஸ் துணியோடும் சோப்போடும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். டப்பா மூடியின் உட்பக்கம் வீட்டில் யாருக்கு எந்த வருஷம் ஊசி போட்டது என்று எழுதி ஒட்டியிருக்கிறது. இவர் பெயருக்கு நேரே இருந்த கேள்விக்குறியைப் போன மாதம்தான் அழித்தேன்.